டைபாய்டில் காய்ச்சலோடு வயிற்றையும் கவனியுங்கள்

கேள்வி: விடுதியில் படிக்கும் 19 வயது மகனுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப் மாத்திரை கேட்கவில்லை. டைபாய்டு என்று டாக்டர் ஊசி போட ஆரம்பித்து மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. போன வருடமும் விடால் டெஸ்டில் டைபாய்டு என்றுதான் வந்தது. கஞ்சி மட்டும் தருகிறேன். எதிர்வீட்டுக்காரரின் தம்பி இதில் குடல் ஓட்டையாகி இறந்துவிட்டாராம்.

பதில்: அம்மா, கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பயத்துக்கே முதலில் வருகிறேன். குடல் ஓட்டை விழுவது உண்மைதான், ஆனால் சரியான மருந்தை நேரத்தில் தொடங்கியவர்களுக்கு அது அரிது. இந்தக் கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்ணை உண்டாக்கும், அந்தப் புண் ஆழமானால் ரத்தம் கசியும், சிலருக்கு ஓட்டையும் விழும், பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அதனால் இனி பத்துப் பதினைந்து நாள் பையனின் வயிற்றின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

திடீரென்று கடுமையாக வலித்து, வயிறு தொடவிடாமல் பலகை போல் இறுகினாலோ, மலம் தார் போல் கருப்பாகவோ ரத்தமாகவோ போனாலோ, நடுராத்திரி என்றாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். வலி மாத்திரை, கஷாயம் எதுவும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். இன்னொன்று, இதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன: காய்ச்சல் சட்டென்று இறங்கி, கை கால் சில்லிட்டு, வியர்த்து, நாடி வேகமாக ஓடினால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகப் படுக்க வைத்துவிடாதீர்கள். அது உள்ளே ரத்தம் கசிவதாகவோ ஓட்டை விழுந்ததாகவோ இருக்கலாம்.

மூன்று நாளில் காய்ச்சல் விடாததற்குப் பயப்பட வேண்டாம். சரியான மருந்துக்கே நான்கு முதல் ஆறு நாள் ஆகும், ஒரு வாரம் தாண்டியும் அடித்தால் டாக்டரிடம் பேசுங்கள். அதற்குள் டாக்டரை மாற்றாதீர்கள்.

எனக்குக் கோபம் அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரை மேல்தான். அது ஆன்டிபயாடிக்காக இருந்தால் என்ன மாத்திரை என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பழைய மாத்திரைகளுக்கு நம் நாட்டு டைபாய்டு கிருமி இப்போது பெரும்பாலும் மசிவதில்லை, அதோடு ஆன்டிபயாடிக் உள்ளே போனபிறகு ரத்தம் எடுத்தால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் அது வளராமலே போகலாம். டைபாய்டை உறுதி செய்ய நம்பகமான டெஸ்ட் ரத்த கல்ச்சர்தான். விடாலை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒருமுறை வந்துபோன காய்ச்சலின் தடயம் அதில் பல மாதம் தெரியும், வேறு காய்ச்சலுக்கும் பாசிட்டிவ் காட்டும், அதனால் போன வருடம் வந்தது டைபாய்டுதானா என்பதே சந்தேகம். கிருமி உடம்பிலேயே தங்கிவிட்டது என்றெல்லாம் இணையத்தில் தேடிக் குழம்பாதீர்கள்.

கஞ்சி மட்டும் போதாது. இட்லி, குழைந்த சாதம், தயிர், வேகவைத்த முட்டை எல்லாம் கொடுங்கள், தேறி வர உடம்புக்குச் சாப்பாடு வேண்டாமா? தட்டு தனியாக வைக்கத் தேவையில்லை. கழிப்பறை போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கொஞ்ச நாள் சமையல், பரிமாறல் பக்கம் பையன் வரவேண்டாம்.

காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும், டாக்டர் சொன்ன நாள்வரை முடியுங்கள். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதில்லை, ஆகவே குணமானதும் தடுப்பூசி எப்போது போடலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொண்டு, அப்புறம் விடுதிக்கு அனுப்புங்கள்.