வகுப்பில் பாட்டுப் போடுகிறாராம் ரீச்சர்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். உங்களைப் பார்த்து இல்லை. பத்து வருடத்துக்கு முன் நானும் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன், அதை நினைத்து.

களுவாஞ்சிகுடியிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம், மகன் ஏழாம் வகுப்பு, ரீச்சர் ஸ்பீக்கரில் பொப் பாட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்கிறார். இது படிப்பா பராக்கா, சட்டப்படி சரியா, செப்டெம்பரில் பள்ளி தொடங்க முதல் அதிபருக்கு எழுதவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிபருக்கு எழுத வேண்டாம். ஆனால் ரீச்சருக்கு மூன்று வரி எழுதத்தான் வேண்டும். அது ஏன் என்று சொல்கிறேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து கல்லடியில் அம்மா வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கோயில் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. நாங்கள் இதற்குள் இருந்துதானே படித்தோம் என்று நீங்கள் சொல்லலாம். வைகாசியில் அம்மன் சடங்கு நடக்க, தவணைச் சோதனைக்கு நானும் விளக்கோடு இருந்தேன். கணக்கு ஏறியது. சரித்திரம் ஏறவேயில்லை. அதுவும் தெரிந்த மொழி, பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு.

வகுப்பறைக்குள் மட்டும் நமக்குப் பாட்டு வராது. ஆறாம் வகுப்பில் சங்கீதமோ நடனமோ சித்திரமோ ஒன்றைத் தெரிவு செய்வோம், சங்கீதம் எடுத்தவர்கள் அந்தப் பாடத்துக்குப் பாடுவார்கள், அவ்வளவுதான். மற்றப் பாடத்தில் முணுமுணுத்தாலே அடிமட்டம் வரும். அந்தக் கண்ணோடு பார்த்தால் கனடா வகுப்பு கலியாண வீடு மாதிரித்தான் தெரியும்.

ஒன்பது வருடமாக நான் பாடசாலைகளில் உதவியாளராக வேலை செய்கிறேன், வகுப்பின் பின்வரிசையில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர் உள்ளே வருகிறார்கள். ரீச்சர் கத்துவதில்லை. ஒரு பாட்டைத் தட்டிவிடுவார். அது முடிவதற்குள் மேசை துடைத்து, புத்தகம் எடுத்து, கதிரையில் இருக்க வேண்டும். மூன்று நிமிடம். கடைசி வரி வரும்போது ஓடிப்போய் இருப்பார்கள். பாட்டு அங்கே மணி மாதிரி. படம் கீறும்போதும் போடுவார்கள், அதிலும் எனக்குக் குறை இல்லை.

வாசிக்கும்போதும் எழுதும்போதும் போடுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. 1989 இல் சலாமே, பாட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இலக்கங்களைக் காட்டி, வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வெறும் வாத்திய இசையைவிட, பாடும் குரல் உள்ள இசைதான் நினைவைக் கூடுதலாகக் குழப்பியது. வேலைக்கான பயிற்சியில் படித்தது இது, கண்ணாலும் கண்டிருக்கிறேன். உங்கள் மகன் நாலு மாத ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு பந்தியோடு மல்லுக்கட்டுகிறான், காதுக்குள் இன்னொரு ஆங்கிலம் ஓடுகிறது. பக்கத்துப் பிள்ளைக்கு அது பழகின இரைச்சல். இவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கூப்பிடும்.

ஆகவே ரீச்சருக்கு இப்படி எழுதுங்கள்: வாசிப்பு நேரத்தில் பாட்டு இருந்தால் மகனுக்குச் சொல் பிடிபடுவதில்லை, ஸ்பீக்கருக்குத் தூரமாக இருத்த முடியுமா, வரியில்லாத இசை போடலாமா. ஆங்கிலம் கஷ்டமென்றால் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவப் பாடசாலைக்கு வரும் செட்டில்மென்ட் வேர்க்கரைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது அவர்களின் வேலை. காதில் மாட்ட ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால் அதையும் ரீச்சரிடம் கேட்டே செய்யுங்கள். ஒன்ராறியோவில் 2024 செப்டெம்பரிலிருந்து ஏழாம் வகுப்பிலிருந்து மேலே ரீச்சர் சொல்லாமல் பாட நேரத்தில் போன் எடுக்கக்கூடாது.

சட்டம் பற்றிக் கவலை வேண்டாம். படிப்புக்காக, பாடசாலைக்குள், இலாபமில்லாமல், பிள்ளைகளுக்கு முன்னால் பாட்டுப் போடக் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் 29.5 ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது.

கெட்ட வார்த்தைப் பயம் உங்களுக்கு இருக்கும். எனக்கு நடந்தது. மகளின் வகுப்புக்கு ஒரு நாள் பதில் ரீச்சர் வந்தார். நல்ல பாட்டுத்தான் போட்டிருக்கிறார், அது முடிய அடுத்தது தானாக ஓடியிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்துப் பெட்டி இருந்தால் அது கூடாத வார்த்தை உள்ள பாட்டு. அந்த மனிதர் திரையைப் பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் மாமியாருக்கு முன்னால் மகள் என்னிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். சொதியை ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அடுத்த நாள் வகுப்பு ரீச்சரே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார்.

நான் பெரிய நியாயம் பேசிக்கொண்டு திரிந்தேன், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். தை மாதம் ஒன்ராறியோவில் தமிழ் மரபுத் திங்கள். அந்த ரீச்சர் ஒரு தமிழ்ப் பாட்டைக் கொண்டுவா, வரிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவா என்று மகளிடம் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் ஆடுகிற ஒரு சினிமாக் குத்துப்பாட்டை எடுத்தாள். குசினி மேசையில் இருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினோம். முதல் இரண்டு வரி பரவாயில்லை. மூன்றாவது வரியில் என் கணவருக்கு இருமல் வந்தது. நாலாவதில் நான் பேனையை மூடிவிட்டேன். பதின்மூன்று வருடமாக அந்தப் பாட்டுக்குப் பிள்ளைப் பிறந்தநாளில் கைதட்டியிருக்கிறோம் தங்கச்சி!

கடைசியில் கொக்கட்டிச்சோலையில் இருக்கும் மாமாவைப் பிடித்தோம். வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். வட்ஸ்அப்பில் ஒன்றரை நிமிடம் அடித்து அனுப்பினார், நடுவில் சேவல் கூவியதும் சேர்ந்து வந்தது. வரி இல்லை, மொழிபெயர்க்கத் தேவையும் இல்லை. ரீச்சர் அதை மேசையில் தட்டப் பழக்கினாராம். சத்தம் தாங்காத ஒரு பிள்ளை காதுக்குக் கவசம் போடுவான். அவனுக்காக ஒலியைக் குறைத்து, விரல் நுனியால் மட்டும் தட்டச் சொல்லியிருக்கிறார். நல்ல ரீச்சரா இல்லையா என்பதை நான் இப்படித்தான் பார்ப்பேன், என்ன பாட்டு என்பதை வைத்து இல்லை.

மகனிடம் வகுப்பில் போடும் பாட்டுகளின் பெயரைக் கேட்டு, வீட்டில் பாத்திரம் கழுவும்போது போட்டுவிடுங்கள். எல்லோரும் முணுமுணுக்க இவன் மட்டும் வாய் மூடி இருப்பதுதான் இவனுக்கு உள்ள பெரிய கஷ்டமாக இருக்கும், கேட்டால் சொல்லமாட்டான்.

மாமாவை நேற்றுப் போய்ப் பார்த்தோம். கை நடுங்குகிறது, மத்தளம் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. தேத்தண்ணி குடித்து முடியக் கேட்டார்: "அந்தக் கனடா ரீச்சர் வேற தாளம் ஒண்டும் கேக்கலையா மகள்?"