ஜீனுக்கு எந்தக் கோயில்?

கேள்வி: பேத்தி பெங்களூரில் பிஎச்.டி. செய்கிறாள். 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டருக்கு உறவான ஒரு மனித ஜீனைக் கண்டுபிடித்து, அது என்ன செய்கிறது என்று பார்க்கிறேன்' என்கிறாள். ஜீனுக்கு ஏது உறவு? வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது?
- தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, உங்கள் வளவைச் சுற்றியுள்ள அறைகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் இல்லையா, படைப்பு என்றால் சில திறக்கும், கல்யாணம் என்றால் வேறு சில. உடம்பின் செல்களும் அப்படித்தான். அநேகமாக எல்லாவற்றிலும் அதே ஜீன்கள்தான், எவை திறந்திருக்கின்றன என்பதில்தான் கண்ணும் கல்லீரலும் வேறாகின்றன. ஜீன்களைத் திறக்கவும் மூடவும் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருக்கும் புரதம்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்.

உறவு எப்படித் தெரியும்? நம் நகரத்தார் பக்கம் புது ஆளைப் பார்த்தால் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்டே பங்காளியா என்று சொல்லிவிடுவோமே, அதே கதைதான். பழ ஈயில் 'பேர்டு' என்று ஒரு ஜீன், அதன் புரதத்தில் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் 128 அமினோ அமிலத் துண்டு ஒன்று உண்டு. அந்தத் துண்டை அடையாளமாக வைத்துப் பார்த்தால் மனிதரில் பாக்ஸ் 1 முதல் பாக்ஸ் 9 வரை அதற்குச் சொந்தங்கள். (நகரத்தார் கோயில்களும் ஒன்பது. எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது, மற்றபடி அதில் ஒன்றுமில்லை.)

ஆனால் பங்காளி என்று தெரிந்தால் தொழில் தெரிந்துவிடுமா? பாக்ஸ் 9 கெட்டால் கடைவாய்ப் பற்கள் சில முளைப்பதில்லை, பாக்ஸ் 6 கெட்டால் கண் சரியாக உருவாவதில்லை. கண்மணியைச் சுற்றிய நிறவளையம் இல்லாமலே பிறக்கும் சிலருக்கு 11-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணோம், அங்கே என்ன இருந்திருக்கும் என்று தேடிப் போய்த்தான் 1991-ல் பாக்ஸ் 6-ஐப் பிடித்தார்கள். இரண்டு பிரதியில் ஒன்று கெட்டாலே போதும். அப்புறம் 1995-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங் குழு எலியின் பாக்ஸ் 6-ஐ ஈயின் காலில் வேலை செய்ய வைத்தது, காலில் கண் முளைத்தது! எலிக் கண் இல்லை, ஈக் கண். சாவி எலியுடையது, திறந்த அறை ஈயுடையது.

பேத்தி பார்ப்பதும் இந்த மாதிரி விஷயங்கள்தான்: அந்த ஜீன் எந்த உறுப்பில் விழித்திருக்கிறது, அதன் புரதம் டி.என்.ஏ.வில் எங்கே போய் உட்காருகிறது, அதை நிறுத்தினால் வேறு எவை மூடிக்கொள்கின்றன. வருகிறவர்களிடம், 'கோயில் தெரிந்துவிட்டது, தொழிலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- காரைக்குடி வாசகர்

பதில்: எல்லாச் சர்க்கரைக்கும் இல்லை. எச்.என்.எஃப். 1 ஏ என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் ஜீன் கெட்டு, இளம் வயதிலேயே தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு வகை உண்டு. அவர்களில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையே போதுமானதாக இருக்கிறது. ஐயாவுக்கும் அப்பாவுக்கும் உங்களுக்கும் 25 வயதுக்குள் வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம்.