உடைந்த கலத்தில் என்ன சுகம்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்வெளி கேம்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் கைவிடப்பட்ட கலங்களைப் பிரித்தெடுக்கும் வேலையை நீங்கள் பெரிதாகப் பேசுகிறீர்கள். அதை நம்பி ‘ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்’ வாங்கி நான்கு நாள் விளையாடினேன். எதிரி கிடையாது, துரத்தல் கிடையாது. பேனல் பேனலாக வெட்டி உலையில் போடுவதுதான் வேலை. பழைய இரும்பு பொறுக்குவது போல இருக்கிறது. சண்டை போட்டு வீழ்த்திய கலத்திலிருந்து சரக்கை அள்ளுவது எனக்குப் புரிகிறது. செத்துக் கிடக்கும் ஒன்றை மணிக்கணக்கில் பிரிப்பதில் என்ன சுகம்? இன்னொன்றும் உறுத்துகிறது. யாரோ விட்டுப்போன இடத்தில், சில கேம்களில் யாரோ இறந்துபோன இடத்தில், புகுந்து எடுப்பது ஒருவகைத் திருட்டு இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘பேனல் பேனலாக வெட்டி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். கலத்தின் வெளித்தோலிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் சில நாட்கள் எனக்கும் அது வெறும் வெட்டு வேலையாகத்தான் இருந்தது.

ஒரு மேக்கரல் வகைக் கலத்தில்தான் அது மாறியது. சின்னக் கலம். பக்கவாட்டுப் பேனலை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் நேராக இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு லேசரை வைத்தேன். வெட்டு முடிந்ததும் பேனல் முகத்தைப் பார்த்து வந்தது. அதன் பின்னாலேயே உள்ளே இருந்த சாமான்களும் பீய்ச்சி அடித்தது போலக் கொட்டின. உள்ளே காற்று இருந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டரின் மேல் சுமார் 10 டன் எடையை வைத்ததற்குச் சமம். தரையில் கதவின் இரண்டு பக்கமும் காற்று இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. ஒரு பக்கம் வெற்றிடம் என்றால் கதை வேறு. 2 சதுர மீட்டர் கதவு ஒன்றைச் சுமார் 20 டன் ஓயாமல் வெளியே நெட்டிக்கொண்டிருக்கும். கதவு அசையாமல் நிற்பதைப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

அடுத்த கலத்தில் லேசரைத் தொடவில்லை. ஏர்லாக் வழியாக, அதாவது உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் நுழைய உதவும் இரட்டைக் கதவு அறை வழியாக, உள்ளே போனேன். எந்த அறையில் காற்று இருக்கிறது, எந்தக் கதவு எந்த அறைக்குத் திறக்கிறது, காற்றை வெளியேற்றும் கருவி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போதுதான் அது எனக்கு ஒரு கலமாகத் தெரிந்தது. அதுவரை அது வெட்ட வேண்டிய பொருளாக மட்டும் இருந்தது.

எதிரி இல்லை என்கிறீர்கள். அந்தக் கலத்தைக் கட்டியவர் இருக்கிறாரே! எரிபொருள் குழாயில் மிச்சம் இருக்கும்போது லேசர் பட்டால் வெடிக்கும், அதனால் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். ரியாக்டரை இடத்திலிருந்து பிடுங்கியதும் அது உருகிப்போகத் தொடங்கும், கெடு முடிவதற்குள் பார்ஜில் (பிரித்த சாமான்களைச் சேர்க்கும் மிதவைத் தளம்) கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்படியென்றால் பிடுங்குவதற்கு முன்பே அது வெளியே வரும் வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வழியைத் திறக்க நடுச்சுவரை வெட்ட வேண்டும். சுவரை வெட்டக் காற்றை இறக்கியிருக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் அதற்கு முந்தைய நான்கு வேலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கட்டியவர் மனதில் இருந்த வரிசையைக் கண்டுபிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கிறோம். எனக்கு இந்த வேலையில் பிடித்தது இதுதான். உலையில் போடுவது வேலை முடிந்த பிறகு நடக்கும் சங்கதி.

நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 1985 பிப்ரவரியில் சோவியத் விண்வெளி நிலையமான சல்யூத் 7 தரையோடு தொடர்பை இழந்தது. உள்ளே ஆள் இல்லை. தரையிலிருந்து என்ன கட்டளை அனுப்பினாலும் பதில் இல்லை. ஜூன் மாதம் விளாடிமிர் ஜானிபெகோவ், விக்டர் சவினிக் என்ற இருவர் சோயுஸ் டி-13இல் ஏறிப் போனார்கள். வழக்கமாக நிலையமும் கலமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் நெருங்கும். இங்கே ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது. ஜானிபெகோவ் கையாலேயே கலத்தை ஓட்டிப் போய் இணைத்தார்.

நெருங்கும்போது அவர்கள் கவனித்த ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நிலையத்தின் சூரியத் தகடுகள் ஒரே பக்கம் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் திரும்பியிருந்தன. தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்புவதற்கே மின்சாரம் வேண்டும். ஆகவே உள்ளே மின்சாரம் இல்லை, வெப்பமும் இருக்காது. கதவைத் திறப்பதற்கு முன்பே, வெளியே நின்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிறகும் அவசரப்படவில்லை. உள்ளே காற்று இருக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். காற்று கெட்டுப்போயிருக்கலாம் என்று முகமூடி போட்டுக்கொண்டு நுழைந்தார்கள். சுவரெல்லாம் உறைபனி, தண்ணீர் கட்டியாகிவிட்டது. எட்டு பேட்டரிகளில் ஆறு தேறும் என்று தெரிந்ததும், தகடுகளிலிருந்து நேராக அவற்றுக்கு வயர் இழுத்து, தாங்கள் வந்த சோயுஸின் உந்துவிசையால் நிலையத்தையே சூரியன் பக்கம் திருப்பிச் சார்ஜ் ஏற்றினார்கள். கோளாறு எதில் தெரியுமா? பேட்டரி நிறைந்துவிட்டது என்று தவறாகச் சொல்லிச் சார்ஜைத் துண்டித்துக்கொண்டே இருந்த ஒரு சென்சாரில். இதைப் படித்த நாளிலிருந்து, கேமில் ஒரு செத்த கலத்தைக் கண்டால் அதன் தகடுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றுதான் என் கண் முதலில் போகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் புகார் பல கேம்களுக்குப் பொருந்தும். ஈவ் ஆன்லைனில் 2006 முதல் சால்வேஜ், அதாவது உடைசலிலிருந்து பயனுள்ளதைப் பிரித்தெடுக்கும் வேலை, இருக்கிறது. உடைந்த கலத்தின் மேல் கருவியைத் திருப்பிவிட்டு, கிடைக்கிறதா இல்லையா என்று காத்திருக்கிறோம். கலத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அங்கே சுவாரசியம் சந்தையில் இருக்கிறது, உடைசலில் இல்லை. ஸ்டார் சிட்டிசனில் 2023இல் வந்த முறை கண்ணுக்கு அழகு. ஒளிக்கற்றையால் கலத்தின் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டே போகலாம், பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும், சுரண்டியது பெட்டி பெட்டியாகச் சேரும். கை நடுங்காமல் பிடித்து ஓட்டுவதில் ஒரு நிம்மதி உண்டு. ஆனால் முதலில் வந்தபோது அது தோலோடு நின்றது. எந்தக் கலமாக இருந்தாலும் சுரண்டும் கைக்கு ஒன்றுதான்.

நோ மேன்ஸ் ஸ்கையின் கைவிடப்பட்ட சரக்குக் கலங்களை (2020 ஜூலையில் சேர்த்தார்கள்) இதில் சேர்க்க மாட்டேன். அங்கே கலத்தைப் பிரிப்பதில்லை, உள்ளே நடந்துபோய்க் கிடைத்ததை எடுத்து வருகிறோம். இருந்தாலும் அந்த இருட்டு நடைவழிகளில், கலத்தில் இருந்தவர்கள் விட்டுப்போன பதிவுகளை வாசித்துக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கும்.

சரி, திருட்டு விஷயம். இது நல்ல கேள்வி. ‘கைவிடப்பட்ட கலம்’ என்று கேம்கள் சர்வசாதாரணமாகச் சொல்கின்றன. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவின்படி, விண்ணுக்கு அனுப்பிய பொருள் அங்கே இருப்பதாலேயே அதன் உடைமை மாறிவிடாது. பதிவு செய்த நாட்டின் அதிகாரமும் அதன் மேல் தொடரும். செத்துப்போன செயற்கைக்கோளும் ஒருவருடையதுதான். கடலில் மூழ்கும் கப்பலைக் காப்பாற்றியவருக்குக் கிடைப்பதும் வெகுமதிதான், கப்பல் அல்ல.

1984 நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் போனவர்கள், வழிதவறிய இரண்டு செயற்கைக்கோள்களைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பலாபா பி2, வெஸ்டார் 6. ‘விற்பனைக்கு’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு விண்வெளியில் படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவை அவர்களுடையவை அல்ல. இழப்பீடு கொடுத்த காப்பீட்டாளர்களுக்காகத்தான் அந்த மீட்பே நடந்தது. இரண்டும் 1990 ஏப்ரலில் மறுபடி விண்ணுக்குப் போயின. இப்படிப்பட்ட கணக்கு வழக்கை ஏதாவது ஒரு கேம் முழுசாகக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாருடைய கலம், யார் பணம் கொடுத்திருக்கிறார்கள், நமக்கு எவ்வளவு பங்கு என்று விசாரித்துவிட்டுக் கிளம்புகிற மிஷன் ஒன்று.

ஈவ் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அடுத்தவர் வீழ்த்திய கலத்தில் கிடக்கும் சரக்கை எடுத்தால் குற்றம், உடைந்த உடலைப் பிரித்தால் குற்றமில்லை. எலைட் டேஞ்சரஸில் ஆள் இருக்கும் உயிர்காப்புக் கூடுகள் மிதக்கும். அவற்றைத் தேடல் மீட்புக்காரர்களிடம் ஒப்படைக்கலாம். சரக்கு இடத்தை அடைத்துக்கொண்டாலும் நான் அவற்றை விட்டு வந்ததில்லை.

நீங்கள் விளையாடிய கேமில் உங்கள் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. அங்கே கலங்கள் லின்க்ஸ் என்ற நிறுவனத்தின் கையில். நீங்கள் அதன் கூலியாள். முதல் நாளே உங்கள் தலையில் 100 கோடி கிரெடிட்டுக்கு மேல் கடன். வெட்டும் கருவிக்கு வாடகை, மூச்சுவிடும் ஆக்ஸிஜனுக்குக் காசு. நீங்கள் பிரித்து எடுக்கும் ஒவ்வொரு துண்டும் நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே யார் யாரைத் திருடுகிறார்கள் என்று கதை பிற்பாடு நேராகவே கேட்கிறது, தொழிற்சங்கம் வரைக்கும் போகிறது. நான்கு நாளில் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

ஒன்று செய்யுங்கள். 15 நிமிட ஷிப்டுதான் உங்களை வெட்டு வெட்டு என்று விரட்டியிருக்கும் என்று தோன்றுகிறது. நேரக் கெடு இல்லாமல் ஆடும் முறை ஒன்று அதில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, புதிதாக ஒரு கலத்தை எடுங்கள். லேசரை எடுக்க வேண்டாம். வெளியே ஒரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். அப்புறம் ஏர்லாக் வழியாக உள்ளே போய் ரியாக்டரைத் தேடுங்கள். அது வெளியே வர எந்தச் சுவர் தடையாக இருக்கிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.