வாசகர் கேள்வி - பதில்: நான்கிங் மிஷன் பல்கலைக்கழகம் என்ன ஆனது?

கேள்வி: சீனாவில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய நான்கிங் பல்கலைக்கழகமும் இன்றைய நான்ஜிங் பல்கலைக்கழகமும் ஒன்றுதானா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வளாகம் அதுதான், நிறுவனம் வேறு. நான்கிங் என்பது நான்ஜிங் நகரின் பழைய எழுத்துக்கூட்டல். அந்நகரில் அரசின் தேசிய மத்தியப் பல்கலைக்கழகம் தனியாக இருந்தது. 1949இல் நான்ஜிங் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது அதுதான். மிஷன் பல்கலைக்கழகத்தைச் சீனர்கள் ஜின்லிங் என்று அழைத்தார்கள்.

1950 டிசம்பரில், கொரியப் போரின் நடுவே, அமெரிக்கா சீனச் சொத்துகளை முடக்கியது. மிஷன் பணம் நின்றது. மாத இறுதிக்குள் அமெரிக்க உதவியில் நடந்த கல்வி நிலையங்கள் குறித்துச் சீன அரசும் முடிவெடுத்துவிட்டது. 1951இல் மிஷன் பல்கலைக்கழகத்தோடு, அதே நகரில் தனியாக இருந்த ஜின்லிங் பெண்கள் கல்லூரியையும் சேர்த்து அரசுப் பல்கலைக்கழகமாக்கினார்கள். அடுத்த ஆண்டே அதையும் பிரித்தார்கள். கலை, அறிவியல் துறைகள் நான்ஜிங் பல்கலைக்கழகத்துக்குப் போயின. வேளாண்மைக்கும் வனவியலுக்கும் தனித்தனிக் கல்லூரிகள் வந்தன. பெண்கள் கல்லூரி வளாகம் ஆசிரியர் கல்விக்குப் போனது. இன்று அங்கே நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

நான்ஜிங் பல்கலைக்கழகம் தன் பழைய இடத்தை விட்டு, குலோ பகுதியிலிருந்த மிஷன் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. சாம்பல் நிறச் செங்கல் சுவர், சீன பாணி ஓட்டுக் கூரை, நடுவில் கோபுரம், சுவரெங்கும் படர்ந்த கொடி என்று நீங்கள் படங்களில் பார்ப்பது 1919இல் எழுந்த வடக்குக் கட்டடம். ஆனால் இன்றைய பல்கலைக்கழகம் தன் பிறப்பாண்டாக 1902ஐச் சொல்கிறது. அது அரசு வழிக் கணக்கு. மிஷன் வழிக்கு 1888.

கேள்வி: எந்தச் சபை அதை நடத்தியது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மூன்று சபைகள். 1888இல் தொடங்கியவர்கள் மெதடிஸ்டுகள். பிரெஸ்பிடேரியன், டிசைப்பிள்ஸ் சபையார் 1907இல் தங்கள் பள்ளிகளை ஒன்றாக்கினார்கள்; 1910இல் எல்லாம் இணைந்து பல்கலைக்கழகமாயின. ஒரே ஊரில் தனித்தனியாகக் கல்லூரி நடத்த ஆசிரியரும் போதாது, பணமும் போதாது. பட்டத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது நியூயார்க் மாநிலம்.

1927 மார்ச் 24 அன்று, தேசியவாதப் படைகள் நகருக்குள் நுழைந்த கலவரத்தில் துணைத்தலைவர் ஜான் எலியாஸ் வில்லியம்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு வேதியியலாளர் சென் யூகுவாங் முதல் சீனத் தலைவரானார். 1928இல் சீன அரசிடம் பதிவு செய்துகொண்டார்கள். தலைவர் சீனராக இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் சீனர்கள் பெரும்பான்மை, மதப் பாடம் கட்டாயமில்லை, இவைதான் நிபந்தனைகள். ஷாங்காயின் செயின்ட் ஜான்ஸ் மிஷன் பல்கலைக்கழகம் 1947 வரை பதிவுக்கு வராமல் இழுத்தடித்தது. நான்கிங் எடுத்ததே சரியான முடிவு.

கேள்வி: அங்கே நடந்த விவசாய ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்தப் பல்கலைக்கழகம் உலகுக்குத் தந்த பெரிய கொடை அது. ஜோசப் பெய்லி கணிதம் கற்பித்தவர். பஞ்சம் பிழைக்க வந்தவர்களை நகருக்கு வெளியே ஊதா மலைத் தரிசில் குடியேற்றி வேலை கொடுத்தார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1914இல் வேளாண் படிப்பு பிறந்தது. 1925 முதல் 1931 வரை கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மாறிமாறி வந்து பயிர் இனவிருத்தியைக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஜான் லாசிங் பக் (எழுத்தாளர் பேர்ல் பக்கின் அன்றைய கணவர்) பண்ணைப் பொருளாதாரம் நடத்தினார். மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார். நிலம் எவ்வளவு, எத்தனை துண்டு, என்ன பயிர், என்ன விளைச்சல், கூலி, குத்தகை, கடன் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. முதல் சுற்றில் 7 மாகாணங்களில் 2,866 பண்ணைகள். 1929-33இல் நடந்த இரண்டாம் சுற்றில் 22 மாகாணங்களில் 168 இடங்கள், 16,786 பண்ணைகள், 38,256 குடும்பங்கள்.

இந்த எண்களை அப்படியே எடுத்தாளாதீர்கள். பல்கலைக்கழகம் வரை படிக்கப் பிள்ளையை அனுப்பியவர் ஊரில் கொஞ்சம் வசதியானவர். அந்தப் பிள்ளைக்கு அறிமுகமான வீடுகளும் பெரும்பாலும் அப்படியே. அதனால் ஏழைகளும் நிலமற்றவர்களும் கணக்கில் குறைந்துபோனார்கள். நில அளவான 'மு' வேறு ஊருக்கு ஊர் மாறும். ஹெக்டேருக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இவ்வளவு குறை இருந்தும், அக்காலச் சீன விவசாயத்துக்கு இதற்கு ஈடான தரவு வேறு இல்லை.

கேள்வி: நம் ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா? (வாசகர், வேலூர்)

பதில்: உங்கள் ஊரோடே உண்டு. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்கள் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக ஒரே இயக்கமாக நிதி திரட்டினார்கள். அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் தருவதாக ராக்பெல்லர் தரப்பு வாக்களித்தது, சேர்த்துக் காட்டினார்கள். அந்த ஏழில் ஐடா ஸ்கடரின் வேலூர் மருத்துவக் கல்லூரி, சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, நான்கிங்கின் ஜின்லிங் பெண்கள் கல்லூரி மூன்றும் இருந்தன. பிந்தைய இரண்டும் திறந்ததே ஒரே ஆண்டு, 1915. ஜப்பானியப் படை நடத்திய நான்கிங் படுகொலையின்போது, 1937 டிசம்பரில், அமெரிக்க மிஷனரி மின்னி வாட்ரின் சுமார் 10,000 பெண்களையும் குழந்தைகளையும் அடைக்கலம் கொடுத்துக் காத்தது அந்த ஜின்லிங் வளாகத்தில்தான்.

கேள்வி: ஆய்வேட்டுக்கு மூல ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? (ஆய்வு மாணவர், மதுரை)

பதில்: அமெரிக்க அறக்குழுக்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, ஆண்டறிக்கைகள் முதலியவை யேல் இறையியல் நூலகத்தில் உள்ளன. பல கோப்புகளை இணையத்திலேயே படிக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள். சீன மொழிக் கோப்புகளுக்கு நான்ஜிங்கிலுள்ள இரண்டாம் வரலாற்று ஆவணக் காப்பகம். இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. நான்ஜிங்கை நான்கிங் என்றும், தலைவர் சென் யூகுவாங்கை ஒய். ஜி. சென் என்றும் தேடுங்கள். 1938 முதல் 1946 வரையிலான தாள்களில் முகவரி செங்டு என்றிருக்கும். போர்க்காலத்தில் மேற்குச் சீன ஒன்றியப் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கி நடத்தினார்கள். அதை வேறு கல்லூரியின் தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.