ஆதியாகமத்தில் சொல்லாமல் விட்டவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புத்தாண்டில் வேத வாசிப்பு அட்டவணை தொடங்கியதும் ஆதியாகமக் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் உபவாசக் கூட்டத்தில் பேசிய பிரசங்கியார், ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான வருஷம் கடந்தது, அப்போது இருந்த உலகம் சாத்தானின் விழுகையால் அழிந்துபோனது என்றார். இது வேதத்தில் உள்ளதா?
– காபித் தோட்ட மேஸ்திரி, ஏற்காடு

பதில்: இல்லை ஐயா. தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்கிறது முதல் வசனம். இரண்டாம் வசனத்தில் பூமி ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருக்கிறது. நடுவில் எவ்வளவு காலம் ஆனது என்று ஒரு வார்த்தையும் கிடையாது. அங்கே நீண்ட இடைவெளியை வைக்கும் விளக்கத்தை 1814-ல் பிரபலமாக்கியவர் ஸ்காட்லாந்து போதகர் தாமஸ் சால்மர்ஸ். பூமி மிகப் பழையது என்று பாறை ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. விசுவாசிகள் கலங்கிவிடக் கூடாதே என்ற அக்கறை அவருக்கு. சாத்தானின் விழுகையோடு அதை விரிவாக இணைத்துப் பேசியது பின்னால் வந்தவர்கள். 1909-ல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதைப் பல நாட்டுப் பிரசங்க மேடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. குறிப்பும் வசனமும் ஒரே பக்கத்தில் அச்சாகும்போது, நாளடைவில் படிக்கிறவர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என் கவலை எல்லாம் இதைப் பற்றித்தான்.

இதற்கு ஆதாரமாக ஏசாயா 45:18-ஐக் காட்டுவார்கள். கர்த்தர் பூமியை வெறுமையாயிருக்கச் சிருஷ்டிக்கவில்லை என்று அதில் உண்டு. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். கோரேஸ் ராஜா வருகிறான், சிறைப்பட்ட ஜனம் விடுதலையாகிறது, பாழான நகரம் திரும்பக் கட்டப்படுகிறது. குடியிருப்புக்காகப் பூமியைப் படைத்தவர் உங்கள் தேசத்தைப் பாழாகவே விட்டுவிட மாட்டார் என்ற ஆறுதல் அது. சாத்தானின் விழுகைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஏசாயா 14 பாபிலோன் ராஜாவையும், எசேக்கியேல் 28 தீருவின் ராஜாவையும் பாடுகின்றன. அவை சாத்தானையும் குறிக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், அந்த விழுகை ஆதியாகமத்தின் முதல் இரண்டு வசனங்களுக்கு நடுவில் நடந்தது என்று அங்கே எங்கும் எழுதியில்லை. மறுபக்கம், யாத்திராகமம் 20:11 வானம், பூமி, சமுத்திரம், அவைகளிலுள்ள எல்லாம் ஆறு நாளைக்குள் உண்டானதாகச் சொல்கிறது. இடைவெளி விளக்கம் முதலில் இந்த வசனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆவியானவர் சொன்னதைத் தெரிந்து சொன்னார். விட்டதையும் தெரிந்துதான் விட்டார் என்று நம்புகிறவன் நான். மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள் என்கிறது உபாகமம் 29:29. அந்த இடத்தை நாம் ஊகத்தால் நிரப்பிவிட்டு, அதற்கும் வேதம் என்றே பெயர் வைப்பது சரியில்லை. அதற்காக அந்தப் பிரசங்கியாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கர்த்தரை நேசித்த பலர் இதை நம்பியிருக்கிறார்கள். ‘இப்படியும் ஒரு விளக்கம் உண்டு’ என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

கேள்வி: சேர்வராயன் மலைப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது என்று வகுப்பில் படிக்கிறேன். சபையில் உலகத்துக்கு 6000 வயது என்கிறார்கள். நான் எதை விடுவது?
– ஜியாலஜி மாணவர், சேலம்

பதில்: எதையும் விட வேண்டாம், தம்பி. பூமியின் வயதைச் சொல்லும் வசனம் வேதத்தில் ஒன்றுகூட இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச அட்டவணைகளையும் ராஜாக்களின் காலத்தையும் கூட்டிக் கணக்குப்போட்டு, சிருஷ்டிப்பு நடந்தது கி.மு. 4004 என்று 1650-ல் எழுதினார். 1701-லிருந்து அந்த ஆண்டு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சானது. இங்கேயும் ஓரத்தில் இருந்தது உள்ளே வந்துவிட்டது, பார்த்தீர்களா?

அட்டவணைகளும் கூட்டல் கணக்குக்காக எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தேயு 1:8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யோராம் உசியாவைப் பெற்றான் என்று இருக்கிறது. ராஜாக்களின் வரலாற்றில் அந்த இருவருக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று தலைமுறை உண்டு. மத்தேயுவின் நோக்கம் வேறு, அதனால் மூன்று பெயர்களை விட்டுவிட்டார்.

ஏற்காடு சாலையில் பாறையை வெட்டிய இடங்களில் எண்ணெய்ப் பசை மினுக்கோடு கரும்பச்சையாகத் தெரியும் சார்னோகைட்டைப் பார்த்திருப்பீர்கள். மலை உச்சியில் அதே பாறைதான் மழையிலும் வெயிலிலும் சிதைந்து பாக்சைட் ஆகியிருக்கிறது. பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கொண்டு வயதைக் கணக்கிடுகிறார்கள். அதைப் பரீட்சையில் தயங்காமல் எழுதுங்கள். இயற்கையைப் பற்றி உலகத்தார் நன்றாக அறிந்த விஷயத்தில் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பேரால் தப்பாகப் பேசி அவமானத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது என்று 5-ஆம் நூற்றாண்டிலேயே அகஸ்டின் எச்சரித்திருக்கிறார். ஆறு நாட்களை 24 மணி நேர நாட்களாக எடுப்பவர்களும் உண்டு, நீண்ட காலங்களாக எடுப்பவர்களும் உண்டு. சூரியன் வருவதே நாலாம் நாளில். ஏழாம் நாளுக்கோ சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்படவில்லை. அதனால் நான் அவற்றைக் கடிகாரம் வைத்து அளப்பதில்லை.

கேள்வி: சூரியன் நாலாம் நாள் என்றால் முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?
– சூரமங்கலம் வாசகி

பதில்: தேவனுடைய வார்த்தையிலிருந்து. அதற்கு மேல் அந்த அதிகாரம் விளக்கவில்லை. இஸ்ரவேலைச் சுற்றியிருந்த ஜனங்கள் சூரியனையும் சந்திரனையும் தெய்வமாக வணங்கினார்கள். இங்கே அவை பகலையும் இரவையும் ஆள வைக்கப்பட்ட சுடர்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இதைச் சொல்லப் பெரிய துணிச்சல் வேண்டும்.

கேள்வி: வேதம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்றால், எழுதினவர்கள் டிக்டேஷன் எடுத்தார்கள் என்று அர்த்தமா?
– ஆத்தூர் வாசகர்

பதில்: லூக்கா முதல் நாலு வசனங்களை வாசியுங்கள். கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததைத் திட்டமாய் விசாரித்து வரிசையாய் எழுதுவதாக அவரே சொல்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, வேறு யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்கிறார். வேத வாக்கியமெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்று 2 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் எழுதின அதே கை, அடுத்த அதிகாரத்தில் துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறது. ஞாபக மறதி, உடுப்பு, தேடி விசாரிக்கும் உழைப்பு எல்லாமே அந்த மனிதருடையவை. அவற்றை ஒதுக்காமல், அந்த மனிதர் வழியாகவே ஆவியானவர் பேசினார். பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள் என்று 2 பேதுரு 1:21 சொல்வதும் இதையே. எனக்கு இது டிக்டேஷனைவிடப் பெரிய அற்புதமாகத் தெரிகிறது.

கேள்வி: காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்? வருஷா வருஷம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: ஆதாம் குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான் என்று ஆதியாகமம் 5:4 சொல்கிறது. அவர்கள் வழியில் வந்த ஒருத்தி என்பதே பழங்காலத்திலிருந்து சொல்லிவரும் பதில். அவள் பெயர் வேதத்தில் இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. பெரிய வகுப்பாக இருந்தால், ‘கூடப் பிறந்தவளைக் கட்டலாமா?’ என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். அதைத் தடுக்கும் சட்டம் மோசேயின் காலத்தில், லேவியராகமம் 18-ல்தான் கொடுக்கப்படுகிறது. அந்தப் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.