ஐந்து மாதக் கர்ப்பம், ஷார்ஜாவிலிருந்து யாருக்கும் சொல்லாமல் தண்டையார்பேட்டைக்கு உடனே திரும்ப முடியுமா?

முடியும். இந்த மாதத்தில் கிளம்பினால் சட்டமும் தடுக்காது, உடம்பும் தடுக்காது. நானும் வயிற்றில் பிள்ளையோடு ஷார்ஜாவிலிருந்து இதே தண்டையார்பேட்டைக்கு வந்தவள்தான். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

"அவர் அடிப்பதில்லை, ஆனால் பணம், போன், பாஸ்போர்ட் எல்லாம் அவர் கையில், ஊருக்குப் போகிறேன் என்றால் நாள் கணக்கில் பேச மாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்தால்தான் கிளம்பலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. காரணத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: யாரிடம் மறைப்பது, யாரிடம் மறைக்கவே கூடாது என்று. வீட்டுக்காரர், அவர் வீட்டு ஆட்கள், பக்கத்து ஃப்ளாட் தமிழ்க்காரர்கள், வாட்ஸப் குரூப், இவர்களிடம் தாராளமாக மறைக்கலாம். டாக்டர், ஏர்லைன்ஸ், இந்தியத் துணைத் தூதரகம், ஊரில் நீங்கள் நம்பும் ஒரே ஒரு ஆள், இவர்களிடம் ஒன்றைக்கூட மறைக்காதீர்கள். பயத்தில் இருக்கும்போது இதை அப்படியே தலைகீழாகச் செய்யத்தான் மனசு போகும். டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டோம், பக்கத்து ஃப்ளாட் அக்கா மடியில் விழுந்து அழுவோம். அந்த அக்கா நல்லவர்தான். அவர் வீட்டுக்காரரும் உங்கள் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை ஒன்றாகக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் என்பதுதான் சிக்கல்.

அமீரகத்தை விட்டு வெளியே வர வயது வந்த பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்து தேவையில்லை. விசா அவர் ஸ்பான்சரில் இருந்தாலும் அப்படித்தான். விசாவைக் கேன்சல் செய்துவிட்டுத்தான் போகணும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசா இருக்கும்போதே கிளம்பலாம். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகவே போய்விடும். ஆனால் உங்கள் பெயரில் லோன், கிரெடிட் கார்டு பாக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் பதிவாகிப் பயணத் தடை விழுந்திருந்தால், முன்பே விசாரிக்காதவர்களுக்கு ஏர்போர்ட்டில்தான் தெரியவரும், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. சவூதியில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே குடும்ப விசாவில் இருப்பவர் வெளியேற எக்ஸிட் விசா வேண்டும், அதைப் போடுவது ஸ்பான்சரான புருஷன். அங்கிருப்பவர்கள் நேராகத் தூதரகத்தில் பேசுவதுதான் வழி.

பாஸ்போர்ட். இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் உரிமை கிடையாது, புருஷனாக இருந்தாலும். "ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள்" என்று சொல்லி நான் வாங்கினேன். பொய்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வாங்கவே முடியாது என்றால் துபாயில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போங்கள். ஷார்ஜாவும் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது. எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுப்பார்கள், கல்ஃபில் நம் ஆட்கள் அவுட் பாஸ் என்பார்களே, அதுதான். இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். போலீஸ் ரிப்போர்ட், இமிகிரேஷன் என்று அலைச்சல் உண்டு, நாட்களும் கூடும். அதனால் முதலில் ஒரிஜினலுக்கே முயற்சி செய்யுங்கள். தூதரகத்தின் உதவி மையத்துக்கு 800 46342 என்று இலவச எண் இருக்கிறது, எந்த நேரமும் அடிக்கலாம். கையில் காசே இல்லாதவர்களுக்கு டிக்கெட், தங்க இடம் என்று உதவ இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்றைத் தூதரகங்கள் வைத்திருக்கின்றன. தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஆனால் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

"குழந்தை பிறந்த பிறகு போகலாமே" என்று உங்களுக்கு வந்திருக்கும் அறிவுரையைப் பற்றி. வேண்டாம். பிள்ளை அங்கே பிறந்தால் அதற்கு பர்த் சர்டிபிகேட், பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் அப்பா கையெழுத்து வந்து நிற்கும். பிள்ளை வெளியே போகக் கூடாது என்று அப்பா தடை கேட்கவும் முடியும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் இருந்தால் இன்னும் கடினம். 1980ஆம் வருட ஹேக் ஒப்பந்தம் அங்கே செல்லும். பிறந்த பிள்ளையை அப்பா சம்மதம் இல்லாமல் நாட்டை விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால் கடத்தல் வழக்காகவே ஆகலாம். இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் மட்டும் அங்கே உள்ள வழக்கு மறைந்துவிடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. சீக்கிரம் என்று நீங்கள் அவசரப்படுவது சரியான அவசரம்.

டிக்கெட்டை அங்கிருந்து போடாதீர்கள். கார்டு மெசேஜ் யார் போனுக்குப் போகிறது என்று யோசித்தாலே புரியும். என் அண்ணன் மண்ணடியில் ஒரு டிராவல்ஸில் ரொக்கம் கொடுத்துப் போட்டான். அந்தத் தெருவில் கல்ஃப் டிக்கெட் போடும் கடைகள் வரிசையாக உண்டு, கேள்வி கேட்க மாட்டார்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பி.என்.ஆரை மட்டும் போனில் வாயால் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். போனில் லொகேஷன் ஷேரிங் ஓடுகிறதா, கூகுள் கணக்கு இன்னொரு போனிலும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும். கிளம்பும் அன்றைக்குச் செய்தால் போதும்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும். துணி ஊரில் கிடைக்கும். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, கல்யாணப் பதிவுச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், இதுவரை எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம், இவைதான் பெட்டி. எல்லாவற்றையும் படம் எடுத்து, புதிதாக ஒரு மெயில் திறந்து அதற்கு அனுப்பி வையுங்கள்.

டாக்டரிடம் "ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லி ஒரு கடிதம் வாங்குங்கள்: எத்தனை வாரம், பிரசவத் தேதி, ஒற்றைப் பிள்ளை, சிக்கல் இல்லை. உங்களுக்கு 20 வாரம் சுற்றி இருக்கும், அதற்குச் சான்று கட்டாயமில்லை. பெரும்பாலான ஏர்லைன்ஸ் 28 வாரத்தை ஒட்டித்தான் கேட்க ஆரம்பிக்கும், சில இன்னும் தள்ளிக் கேட்கும். 36 வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள், இரட்டை என்றால் 32. ஆனாலும் கவுன்டரில் இருப்பவருக்கு வயிற்றைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் காகிதம் கையில் இருப்பது நல்லது. துப்பட்டாவை இழுத்துப் போட்டு வயிற்றை மறைத்துக்கொண்டு போகும் வேலை வேண்டாம். உதிரம் பட்டிருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தாலோ, பிரஷர் ஏறியிருந்தாலோ, டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏறாதீர்கள்.

பயணம் நாலு மணி நேரம்தான். நடைபாதை ஓர சீட், வயிற்றுக்குக் கீழே பெல்ட், நிறையத் தண்ணீர், மணிக்கு ஒருமுறை எழுந்து நடை. காலில் ரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான சாக்ஸ் மருந்துக் கடையில் கிடைக்கும்.

இறங்கியதும் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "சென்னையில் நலமாக இருக்கிறேன், நானாகத்தான் வந்தேன்." அனுப்பாவிட்டால் காணவில்லை என்று அவர் போலீசுக்குப் போவார், வீண் வம்பு. வரும் பதிலை அழிக்காமல் வையுங்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்கு இப்போது மெட்ரோ நேராக வருகிறது, 2021இல் விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து. ஆனால் கல்ஃப் விமானங்கள் பல, ஊர் தூங்கும் நேரத்தில்தான் இறங்கும், மெட்ரோவோ காலை 5 மணிக்கு மேல்தான். நைனா கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், கன்டெய்னர் லாரிகள் எந்த நேரம் எந்த ரோட்டை அடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. டிரைவரிடம் "பள்ளம் பார்த்துப் போப்பா" என்றதைத் தவிர வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை.

நீங்கள் ரொம்பப் பயப்படுவது தெருவுக்கு என்று தெரிகிறது. எங்கள் பக்கம் குழாயடியில் நின்றாலே ஜாதகம் கேட்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவது இந்த ஊரில் யாரும் காரணம் கேட்காத விஷயம். வராவிட்டால்தான் கேட்பார்கள். எதிர் வீட்டு ஆயா "இன்னாம்மா, அதுக்குள்ள வண்ட்ட? வூட்டுக்காரரு வர்லியா?" என்றபோது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அவருக்கு லீவு இல்லியாம். அங்க பாத்துக்க ஆளு யாரு? அதான் இட்டாந்துட்டோம்." முடிந்தது பேச்சு. ஐந்தாம் மாதமே வந்தது கொஞ்சம் முன்னாடிதான், அதற்கும் "மசக்கை ஜாஸ்தி" என்று ஒரு பதில் இருக்கிறது. ஏழாம் மாதம் அம்மா வளைகாப்பும் போட்டார். மாமியார் வீட்டிலிருந்து ஒருவரும் இல்லை. தெருப் பெண்களே தட்டு தூக்கி வந்தார்கள், புளிசாதம், தயிர்சாதம் கட்டினார்கள். அதற்குள் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். புரிந்தும் கேட்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் நான் நினைத்ததைவிட அதிகம்.

வந்த வாரமே செய்ய வேண்டியது பிக்மி எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து 12 இலக்க எண் வாங்க வேண்டும்; அது இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்று வாங்குவது பெரிய பாடு. தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் இது வேண்டும். வீட்டுப் பக்கத்து மாநகராட்சி சுகாதார மையத்தில் நர்ஸம்மாவிடம் ஆதாரும் கடைசியாகத் தூரமான தேதியும் சொன்னால் போட்டுத் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து பாதியில் வந்தவள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் இப்படி யாராவது வருவார்கள். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தையும் கேளுங்கள்: மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகத் தவணைகளில், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் கணக்குக்கு வரட்டும். ஜாயின்ட் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

பிரசவத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்களின் ஆஸ்பத்திரி ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது, நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. காசிமேடு, எண்ணூர், பொன்னேரி என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கூட்டம் இருக்கும், வரிசை இருக்கும், ஆயாம்மா திட்டுவார். ஆனால் இரவு 2 மணிக்குச் சிக்கல் என்றால் டாக்டர் அங்கே இருப்பார். தனியாருக்குப் போகிற வசதி எங்களுக்கு இல்லை, இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்வேன். இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், மகப்பேறுக்கு அவர்கள் வைக்கும் காத்திருப்புக் காலம் முடிவதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே ஸ்கேனில் பையனா பெண்ணா என்று சொல்லியிருப்பார்கள், ரிப்போர்ட்டிலும் எழுதியிருக்கலாம். இங்கே 1994ஆம் வருடச் சட்டப்படி எந்த டாக்டரும் அதைச் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரிந்தாலும் சொந்தக்காரர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். அந்தச் செய்தி நீங்கள் கிளம்பிய செய்தியைவிட வேகமாக ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகும்.

வக்கீலை அவசரமாகப் பார்க்க வேண்டியதில்லை. பிற்பாடு தேவைப்பட்டால், 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். சம்பவம் வெளிநாட்டில் நடந்தது என்பது தடையில்லை. பணத்தைப் பிடித்து வைப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். அவர் யாரையாவது அனுப்பி வாசலில் சத்தம் போட்டால் 181 பெண்கள் உதவி எண். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கோபத்தில் அப்பா பெயரை விட்டுவிடாதீர்கள், ஜீவனாம்சம் கேட்கும்போது அது உங்களுக்குத்தான் பலம். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அவர் கையெழுத்துப் போட மறுத்தால், ஒரு பெற்றோர் மட்டும் உறுதிமொழி கொடுக்க இணைப்பு சி என்ற படிவம் இருக்கிறது.

இப்போது எத்தனை வாரம், பாஸ்போர்ட் உங்கள் கைக்கு வந்துவிட்டதா, இந்த இரண்டை மட்டும் கீழே எழுதுங்கள். கிளம்பும் தேதி, பில்டிங் பெயர் எதையும் இங்கே போடாதீர்கள்.