பெரிய வளையம் வலுவான மருந்தா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, நீரிழிவும் உண்டு. சலக்கடுப்புக்காகச் செய்த சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) 'ஈ. கோலை' என்ற பற்றீரியா வளர்ந்திருக்கிறது. சிப்ரோபுளொக்சசினுக்கு நேரே 21 மிமீ, 'ஆர்' என்றும் நைட்ரோபியூரன்டோயினுக்கு நேரே 18 மிமீ, 'எஸ்' என்றும் உள்ளது. வைத்தியர் எழுதித் தந்தது இரண்டாவதை. வளையம் பெரிதாக உள்ளதுதானே வலுவான மருந்து? 2017இல் எடுத்த அறிக்கையில் சிப்ரோவுக்கு இதே 21 மிமீ, அப்போது 'எஸ்'. பார்மசியில் அதை வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வாங்க வேண்டாம். வைத்தியர் தந்த மருந்து உங்கள் அறிக்கையோடு சரியாகவே பொருந்துகிறது.

ஆய்வுகூடத்தில், சிறுநீரில் வளர்ந்த பற்றீரியாவை ஒரு குறித்த கலங்கல் அளவுக்குக் கரைத்து, முல்லர்–ஹின்டன் அகார் என்ற, பற்றீரியா வளரும் கூழ் நிரப்பிய தட்டு முழுவதும் பூசுவார்கள். அதன்மேல் மருந்து ஊறிய சிறு கடதாசி வட்டங்களை வைத்து, 35 பாகை வெப்பத்தில் 16 முதல் 18 மணித்தியாலம் விடுவார்கள். மருந்து ஊறிப் பரவி, பற்றீரியாவை வளரவிடாமல் தடுத்த இடம் தெளிந்த வளையமாகத் தெரியும். அதன் விட்டம்தான் உங்கள் அறிக்கையிலுள்ள மிமீ. (கடதாசி வட்டமே 6 மிமீ. ஆகவே 6 என்று எழுதியிருந்தால் மருந்து எதையும் தடுக்கவில்லை என்று பொருள்.) 1966இல் பாவர், கேர்பி முதலானோர் ஒழுங்குபடுத்திய இந்த முறை, செலவு குறைவு என்பதால் இன்றும் நிலைத்திருக்கிறது.

வளையத்தின் அளவைப் பற்றீரியா மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு. கடதாசியில் ஏற்றும் அளவும் வேறு. சிப்ரோ வட்டத்தில் இருப்பது 5 மைக்ரோகிராம், நைட்ரோபியூரன்டோயினில் 300. எனவே ஒரு மருந்தின் வளையத்தை இன்னொன்றின் வளையத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றையும் அதற்குரிய எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் அட்டவணைப்படி, ஈ. கோலை விடயத்தில் நைட்ரோபியூரன்டோயினுக்கு 17 மிமீ வந்தாலே 'எஸ்', அதாவது மருந்து கேட்கும். சிப்ரோவுக்கு 26 வேண்டும்; 21 அல்லது அதற்குக் குறைந்தால் 'ஆர்', கேட்காது.

2017 அறிக்கையும் பிழையல்ல. அன்றைய அட்டவணையில் சிப்ரோவுக்கு 21 இருந்தாலே 'எஸ்'. உடலில் அந்த மருந்து எட்டும் செறிவையும் சிகிச்சையின் பலனையும் மீண்டும் ஆராய்ந்து, 2019இல் எல்லையை உயர்த்தினார்கள். பழைய அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள்.

இப்போது எனக்குக் கவலை தருவது வளையமல்ல, அம்மாவின் சிறுநீரகம். நைட்ரோபியூரன்டோயின் சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். இரத்தத்தில் போதிய அளவு நிற்காது. சலப்பையோடு நிற்கும் கிருமிக்கு அது நல்ல மருந்து. காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க நோவு இருந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இது போதாது, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இது பொருந்தாது. நீரிழிவுக்காரர் என்பதோடு, வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படுவதாலும், வன்னியில் எவருக்கும் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தபின் இதைத் தருவதே நல்லது என்பேன். அம்மாவுக்குப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வைத்தியர் கோபிக்கமாட்டார். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். சிறுநீர் கபில நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம்.

மறுமுறை கல்ச்சர் செய்ய நேர்ந்தால், அன்டிபயோட்டிக் தொடங்குமுன் மாதிரியை எடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஆய்வுகூடம் தந்த போத்தலில் பிடியுங்கள். பரந்தன் வீதியில் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், தோலிலிருந்து தவறி விழுந்த சில பற்றீரியாக்களே பல்கிப் பெருகி, இல்லாத நோயைக் காட்டிவிடும். இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். எடுத்த நேரத்தைப் போத்தலிலேயே எழுதிவிடுங்கள்.